உப்பிய பேட்டரி தரும் எச்சரிக்கை: வீட்டு மின்கருவிகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவோம்

எங்கள் வீட்டு லேப்டாப்பின் டச்பேட் சில வாரங்களாகவே சரியாக வேலை செய்யவில்லை. அழுத்தினால் கிளிக் ஆகவில்லை. ஒரு மவுஸ் வாங்கிச் செருகிக்கொண்டு, பிள்ளைகள் பாடத்தையும் நாங்கள் அலுவலக வேலையையும் பார்த்து வந்தோம். அடிமூடி ஓரத்தில் லேசாக விலகி இருந்ததையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் பழுது பார்க்கக் கொண்டுபோனபோது, கடைக்காரர் மூடியைக் கழற்றிவிட்டு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே இருந்த பேட்டரி பூரி போல உப்பியிருந்தது. டச்பேடைக் கீழிருந்து தள்ளிக்கொண்டிருந்தது அதுதான்.

"இதை எங்கே வச்சு சார்ஜ் போடுறீங்க?" என்று கேட்டார். பிள்ளைகள் தூங்கும் அறையில், மெத்தையின் மேல் வைத்து என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், எந்த விபரீதமும் நடக்கவில்லை. ஆனால் அந்தப் பேட்டரி பல வாரங்களாக எங்களை எச்சரித்துக்கொண்டே இருந்தது. அதைப் புரிந்துகொள்ளத்தான் எங்களுக்குத் தெரியவில்லை. பெரும்பாலான வீடுகளில் இன்று இதே நிலைதான். கைபேசி, லேப்டாப், பவர் பேங்க், புளூடூத் ஹெட்செட், எமர்ஜென்சி லைட், கொசு பேட், ரிமோட், பொம்மைகள் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு சாதாரணக் குடும்பத்தில் இருபது பேட்டரிகளுக்குக் குறையாது. வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம். எப்படிப் பயன்படுத்த வேண்டும், எப்போது தூக்கி ஒதுக்க வேண்டும் என்பதை யோசிப்பதில்லை.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது?

கைபேசி, லேப்டாப், பவர் பேங்க் ஆகிய மூன்றிலும் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. இது 1991இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இதை உருவாக்கியதற்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூன்று அறிவியலாளர்களுக்கு 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சிறிய இடத்தில் நிறையச் சக்தியைச் சேமிக்கும் என்பதுதான் இதன் சிறப்பு. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

பேட்டரியின் நேர்முனைத் தகட்டையும் எதிர்முனைத் தகட்டையும் பிரித்து வைத்திருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். இரண்டுக்கும் நடுவே எளிதில் தீப்பற்றக்கூடிய ஒரு திரவம் இருக்கிறது. கீழே விழுந்து நசுங்கினாலோ, அளவுக்கு மீறிச் சூடானாலோ, தரமற்ற சார்ஜரால் அதிக மின்னழுத்தம் ஏறினாலோ, தயாரிப்பிலேயே குறை இருந்தாலோ அந்தப் படலம் பழுதாகி இரு தகடுகளும் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அப்போது உண்டாகும் சூடு இன்னும் சூட்டைக் கிளப்பும். சில நொடிகளில் புகையும் தீயும் வந்துவிடும்.

சுவிட்சை அணைத்தால் சுவரில் வரும் மின்சாரம் நின்றுவிடும். பேட்டரிக்குள் அடைபட்டிருக்கும் சக்தியை அப்படி நிறுத்த முடியாது. அதனால் விபத்து நடந்த பிறகு செய்யக்கூடியது குறைவு. அதற்கு முன்பு செய்ய வேண்டியதுதான் அதிகம்.

பெரிய நிறுவனங்களின் தயாரிப்பில் இப்படி நடக்காது என்றும் இருந்துவிட முடியாது. 2016இல் சாம்சங் நிறுவனம் தன் கேலக்ஸி நோட் 7 கைபேசிகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்று, அதன் தயாரிப்பையே நிறுத்தியது. காரணம் பேட்டரியில் இருந்த குறை.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

பழுதாகும் பேட்டரி பல நேரங்களில் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

கைபேசியின் திரை ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். பின்மூடி பிரியும். தரையில் மல்லாக்க வைத்தால் ஆடும். லேப்டாப்பில் டச்பேடோ கீபோர்டோ மேலெழும்பும். பவர் பேங்க்கின் வயிற்றுப் பகுதி புடைக்கும். பயன்படுத்தாதபோதும் கருவி சூடாக இருக்கும். நெயில் பாலிஷ் போன்ற ஒரு வாடை வரும். 40 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென அணைந்துபோகும்.

இவற்றில் உப்புதல், வாடை, தொட முடியாத சூடு ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் அந்தக் கருவியை உடனே அணைத்துவிட வேண்டும். திரும்பவும் சார்ஜ் போட்டுப் பார்க்கவே கூடாது. உப்பிய இடத்தைக் கையால் அமுக்குவது, காற்றை வெளியேற்றுவதாக நினைத்து ஊசியால் குத்துவது இரண்டும் தீயை நாமே வரவழைப்பதாகும். துணி, காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாத சிமெண்ட் அல்லது டைல்ஸ் தரையில் தனியாக வைத்து, தாமதிக்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரவு முழுக்க சார்ஜ் போடலாமா?

இப்போதைய கைபேசிகள் முழுதாக சார்ஜ் ஏறியதும் தாமாகவே நிறுத்திக்கொள்ளும். எனவே இரவில் சார்ஜ் போட்ட ஒவ்வொரு கைபேசியும் வெடித்துவிடும் என்று பயமுறுத்துவது சரியல்ல. ஆனால் அந்தப் பாதுகாப்பு சரியாக வேலை செய்ய பேட்டரி, சார்ஜர், கேபிள் மூன்றும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று பழுதாகி இருந்து, அது நடுநிசியில் சூடேறினால் கவனிக்க யாரும் விழித்திருக்க மாட்டோம்.

உறங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை எரியவிடக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். அன்று அது விளக்கு. இன்று கட்டிலோரத்தில் சூடேறிக்கொண்டிருக்கும் சார்ஜரையும் அந்தக் கவனத்தோடுதான் பார்க்க வேண்டும்.

குறிப்பாகத் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும். ரமலானில் சஹர் அலாரத்துக்காக இப்படி வைத்துக்கொள்பவர்கள் நம்மில் நிறையப் பேர். சார்ஜ் ஏறும்போது உண்டாகும் சூடு வெளியேற வழியில்லாமல் பஞ்சுக்குள்ளேயே தங்கிவிடும். மாலையில் மஃரிபுக்குப் பிறகு சார்ஜ் போட்டு, படுக்கும் முன் கழற்றிவிட்டு, கைபேசியை மேசை மேல் வைத்தாலும் அலாரம் கேட்கத்தான் செய்யும். எழுந்து நடந்து போய் அணைக்க வேண்டியிருப்பதால் மறுபடி தூங்கிப்போகவும் மாட்டோம்.

லேப்டாப்புக்கும் இதுவே பொருந்தும். அதன் அடியிலும் ஓரத்திலும் காற்றுப் போகும் துளைகள் இருக்கின்றன. மெத்தையிலோ போர்வையிலோ வைத்தால் அவை அடைபடும். படுக்கையில் வைத்துத்தான் பார்க்க வேண்டுமென்றால் அடியில் ஒரு பலகையோ தட்டோ இருக்கட்டும்.

வெயிலில் நிற்கும் காருக்குள் கைபேசியையோ பவர் பேங்க்கையோ விட்டுவிட்டுப் போகக் கூடாது. கைபேசிகள் பொதுவாக 35 டிகிரி வரையிலான வெப்பத்தில் இயங்குவதற்கே தயாரிக்கப்படுகின்றன. வளைகுடாக் கோடையில் மூடிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டிவிடும். நம்மூர் சித்திரை வெயிலும் லேசானதல்ல.

சார்ஜர் வாங்கும்போது

லேப்டாப் சார்ஜர் பழுதானதும் "முனை பொருந்தினால் போதும்" என்று ஏதாவது ஒன்றை வாங்கிவிடுகிறோம். முனை பொருந்துவது மட்டும் போதாது. பழைய சார்ஜரின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். அதில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்பது போல எழுதியிருக்கும். புதிய சார்ஜரிலும் அதே வோல்ட்தான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவாகவோ அதற்கு அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. குறைந்தால் சார்ஜர் தன் சக்திக்கு மீறி உழைத்துச் சூடாகும்.

இந்தியாவில் விற்கப்படும் கைபேசி சார்ஜர், லேப்டாப் அடாப்டர், பவர் பேங்க் ஆகியவற்றுக்கு இந்திய தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸில் பதிவு கட்டாயம். அந்த முத்திரையோடு 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஒரு பதிவு எண் பொருளின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். முத்திரையைப் போலியாக அச்சிடுபவர்களும் இருப்பதால், 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டு அது யாருக்கு வழங்கப்பட்டது என்று பார்த்துக்கொள்ளலாம்.

மலிவான சார்ஜரில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 230 வோல்ட் மின்சாரம் கைபேசிக் கேபிளுக்கு வந்துவிடாமல் தடுக்கும் அமைப்பு அதில் அரைகுறையாகவே இருக்கும். அது பழுதானால் கேபிளிலேயே ஷாக் அடிக்கும். சார்ஜ் ஏறும்போது ஈரக் கையோடு தொடுவது, குளியலறைக்குக் கொண்டுபோவது, காதில் வயர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டே தூங்கிவிடுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். தோல் உரிந்த கேபிளை டேப் சுற்றி ஓட்டுவதைவிட, புதிதாக ஒன்று வாங்கிவிடுவது மேல்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் எர்த்தும்

கம்ப்யூட்டர், மானிட்டர், பிரிண்டர், மோடம், சார்ஜர் எல்லாவற்றுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அது நிறைந்ததும் அதிலேயே இன்னொரு பாக்ஸ். பல வீடுகளில் கம்ப்யூட்டர் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தால் இதுதான் தெரியும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 6 ஆம்பியர் வரைதான் தாங்கும். 230 வோல்ட்டில் அது சுமார் 1,380 வாட். கம்ப்யூட்டரும் சார்ஜர்களும் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். ஆனால் அதே பாக்ஸில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் 1,500 வாட் கெட்டிலையும் சேர்த்துச் செருகினால் வயர் உருகத் தொடங்கும். சூடேற்றும் கருவிகளைச் சுவரில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகவே கூடாது.

கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் சிலருக்கு லேசாகச் சுருக்கென்று இருக்கும். "இது எப்பவும் இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். எர்த் சரியாக இல்லை என்பதற்கு அதுவே பெரும்பாலும் அடையாளம். த்ரீ பின் பிளக்கின் தடித்த முனையை உடைத்துவிட்டு, அல்லது டூ பின் கன்வெர்ட்டர் போட்டுப் பயன்படுத்தினாலும் இதுதான் நடக்கும். எர்த் இல்லாவிட்டால் ஸ்பைக் பஸ்டரும் தன் வேலையை முழுமையாகச் செய்யாது. ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்து, வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திக்கொள்ளுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் அது நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

வளைகுடாவிலிருந்து வரும் பொருள்களில் சதுர முனைகள் கொண்ட த்ரீ பின் பிளக் இருக்கும். அதை நம் பிளக்கில் செருகுவதற்கு வாங்கும் மலிவான கன்வெர்ட்டர்கள் பலவற்றில் எர்த் இணைப்பே கிடையாது. அங்கே வேலை செய்பவர்கள் நம்மூர் டூ பின்னை அந்நாட்டு பிளக்கில் செருக, எர்த் துளையில் பேனாவையோ ஸ்க்ரூ டிரைவரையோ நுழைத்துத் திறப்பதும் சகஜமாகிவிட்டது. குழந்தைகள் பார்த்தால் அதையே செய்வார்கள். நல்ல கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிவைப்பது பெரிய செலவல்ல.

இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அது எளிதில் தீப்பற்றும். எனவே அதன் பக்கத்தில் தீக்குச்சி, சாம்பிராணி, ஊதுபத்தி கூடாது. அதில் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் லேசர் பிரிண்டரை இணைக்கக் கூடாது, அது ஒரே நேரத்தில் அதிக மின்சாரத்தை இழுக்கும். யு.பி.எஸ். பேட்டரியும் பழசானால் உப்பும் என்பதால் அவ்வப்போது திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சிறு பிள்ளைகள் இருக்கும் வீடா? இதைக் கட்டாயம் படியுங்கள்

நாணயம் போல வட்டமாகப் பளபளக்கும் பட்டன் பேட்டரியைப் பார்த்தால் ஆபத்தானதாகவே தோன்றாது. ஆனால் இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாவற்றிலும் குழந்தைகளுக்கு மிகக் கொடியது அதுதான்.

கார் சாவி ரிமோட், எடை பார்க்கும் மெஷின், டிஜிட்டல் தெர்மாமீட்டர், காது கேட்கும் கருவி, பாட்டுப் பாடும் பொம்மை, வாழ்த்து அட்டை, கம்ப்யூட்டர் மதர்போர்டு ஆகியவற்றில் இது இருக்கிறது. விரலில் மாட்டி எண்ணும் டிஜிட்டல் தஸ்பீஹிலும் இருக்கிறது. தாத்தாவின் விரலில் இருந்து அதை வாங்கி விளையாடாத பேரப்பிள்ளை உண்டா?

குழந்தை இதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரம் பட்டதும் மின்சாரம் பாயத் தொடங்கும். அதனால் அந்த இடத்தில் கடுமையான காரம் உருவாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள 'சி.ஆர். 2032' வகை லித்தியம் பேட்டரி மிக ஆபத்தானது. கருவியை ஓட்டத் தெம்பில்லாத பழைய பேட்டரிக்கும் குழந்தையின் உடலில் புண்ணாக்கும் சக்தி மிச்சமிருக்கும்.

விழுங்கியதை நாம் பார்க்காமலும் போகலாம். எச்சில் ஒழுகுவது, சாப்பிட மறுப்பது, இருமல், வாந்தி, நெஞ்சு வலி என்று சளிக் காய்ச்சல் போலவே தெரியும். சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும். "பட்டன் பேட்டரியாக இருக்கலாம்" என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாழைப்பழம், சோற்று உருண்டை எதுவும் கொடுக்கக் கூடாது. ஒரு வயது நிரம்பிய குழந்தையாக இருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, வீட்டில் தேன் இருந்தால், 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம் என்பது மருத்துவ வழிகாட்டுதல். 10 நிமிடத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் 6 முறை. பேட்டரியைச் சுற்றித் தேன் படிந்து அரிப்பைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அது சிகிச்சை ஆகாது. தேனைத் தேடி ஒரு நிமிடம்கூட வீணாக்காமல், போகும் வழியில் கொடுக்க வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது.

மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். சொட்டு மருந்து எதுவும் விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் உள்ள ரிமோட், பொம்மைகளின் பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவற்றை டேப் போட்டு ஒட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள்.

சாதாரண பென்சில் பேட்டரி

வயர்லெஸ் மவுஸ், கீபோர்டு, சுவர்க் கடிகாரம் ஆகியவற்றில் போடும் பேட்டரிகளில் பழையதையும் புதியதையும் கலந்து போடக் கூடாது. வெவ்வேறு வகைகளையும் கலக்கக் கூடாது. தெம்பு குறைந்தது சீக்கிரம் கசிந்து கருவியையே கெடுத்துவிடும். நாட்கணக்கில் பயன்படுத்தாத கருவியிலிருந்து பேட்டரியை எடுத்து வைத்துவிடுங்கள். கசிந்ததை வெறுங்கையால் தொடக் கூடாது. ரீசார்ஜ் செய்யும் வகை என்று எழுதப்படாத எந்தப் பேட்டரியையும் சார்ஜரில் போடக் கூடாது. சாவி, சில்லறைகளோடு ஒரே டப்பாவில் போட்டு வைத்தாலும் முனைகள் உரசிச் சூடேறும்.

உம்ராவுக்கும் ஊருக்கும் போகும்போது

பவர் பேங்க்கை விமானத்தில் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். செக் இன் பெட்டியில் வைக்கக் கூடாது. கேபினுக்குள் புகை வந்தால் ஊழியர்கள் உடனே அணைக்க முடியும். சரக்கு அறையில் அது முடியாது.

100 வாட் ஹவர் வரை உள்ளவற்றைப் பொதுவாக அனுமதிப்பார்கள். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. அதற்கு மேல் அனுமதி இல்லை. நம்முடையது எவ்வளவு என்று கணக்கிடுவது எளிது. மில்லி ஆம்பியர் ஹவர் எண்ணை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுக்க வேண்டும். 20,000 என்றால் 74 வாட் ஹவர். 30,000 என்றால் 111, எனவே முன்னனுமதி வேண்டும். எமிரேட்ஸ் நிறுவனம் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒரு பவர் பேங்க் மட்டுமே அனுமதிக்கிறது. விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. தலைக்கு மேல் உள்ள பெட்டியிலும் வைக்கக் கூடாது. புறப்படும் முன் நாம் போகும் விமானத்தின் விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஊருக்குப் போகிறவரிடம் பார்சல் கொடுத்தனுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதற்குள் பவர் பேங்க்கோ பழைய கைபேசியோ இருந்தால் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நமக்கு உதவ வந்தவர் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

தீப்பிடித்துவிட்டால்

முதலில் ஆட்களை, குறிப்பாகக் குழந்தைகளையும் முதியவர்களையும் அறையை விட்டு வெளியேற்ற வேண்டும். அந்தப் புகை நச்சுத்தன்மை உள்ளது. சார்ஜில் இருந்தால், பாதுகாப்பாக எட்ட முடிந்தால், சுவிட்சையோ மெயினையோ அணைக்க வேண்டும். மின்சாரம் துண்டிக்கப்பட்ட பிறகு, கைபேசி போன்ற சிறிய கருவி என்றால் தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றலாம். சூட்டைத் தணிப்பதுதான் இங்கே முக்கியம். போர்வையால் மூடினால் சூடு உள்ளேயே தங்கும். அணைந்தது போலத் தெரிந்தாலும் மீண்டும் பற்றலாம் என்பதால் கையில் எடுக்கக் கூடாது. தீ பரவினாலோ, எரிவது மின்சார ஸ்கூட்டர் போன்ற பெரிய பேட்டரி என்றாலோ, கதவைச் சாத்திவிட்டு வெளியேறி 101 அல்லது 112க்கு அழைக்க வேண்டும். பொருளைக் காப்பாற்ற உள்ளே போகவே கூடாது. இதனால்தான் ஸ்கூட்டரை வாசல் வழியிலோ மாடிப்படிக்குக் கீழோ சார்ஜ் போடக் கூடாது. அங்கே தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும்.

பழையதை எங்கே போடுவது?

தீர்ந்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட்டால் நம் வீட்டு ஆபத்தைத் துப்புரவுப் பணியாளரின் கைக்கு மாற்றிவிடுகிறோம். குப்பை வண்டியில் நசுங்கும்போது அது தீப்பற்றும். 2022இல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. முனைகளில் டேப் ஒட்டி, வாங்கிய கடையிலோ சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுத்துவிடலாம். அதுவரை பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய கைபேசி, அலமாரியில் உள்ள பவர் பேங்க், லேப்டாப், பொம்மைகள், உம்மாவின் தஸ்பீஹ் என்று ஒவ்வொன்றாக எடுத்து, உப்பியிருக்கிறதா, சூடாக இருக்கிறதா, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. பழுதாகத் தெரிவதை இன்றே ஒதுக்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் நாங்கள் வாரக்கணக்கில் தள்ளிப்போட்டது போல நீங்களும் தள்ளிப்போட வேண்டாம்.